விழுப்புரம் வரும் வரை

அபிராமபுரத்தில் எங்கள் பழைய வீட்டு வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. விளக்கு வைத்ததும் தாத்தா அதில் வந்து உட்காருவார். மடியில் தலையணைக் கனத்துக்கு ஒரு பைண்டு புத்தகம். ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பக்கங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துச் சேர்த்து, மயிலாப்பூரில் ஒரு பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. தாத்தா வாசிப்பார், நாங்கள் கேட்போம். நாங்கள் என்றால் சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பாட்டி, பக்கத்து வீட்டு மாமி, தெருமுனையில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர், அப்புறம் எட்டு வயது நான். அது 1965-ஆம் வருஷம்.

தாத்தா ஏ.ஜி. ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். மேடை ஏறிப் பேசியவர் இல்லை. ஆனால் அவர் வாசித்த ஒரு கட்டம் இன்றும் என் காதில் இருக்கிறது. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் அந்த வருஷம்தான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இருபத்தைந்து வயது சாமிநாதையர், ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இளைஞருக்கு உற்சாகம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவராயிற்றே! அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தாத்தாவின் குரலும் கூடவே வேகம் எடுக்கும். நூல் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. மாமி சிரிப்பாள். இளைஞர் இன்னும் பெரிய நூல்களாக எடுத்து வைக்கிறார். அதற்கும் அசைவில்லை. இஸ்திரிக்காரரும் சிரிப்பார். பிறகு முதலியார் மெதுவாக ஒரு கேள்வி கேட்கிறார்.

அங்கே தாத்தா புத்தகத்தை மூடிவிடுவார். இடுப்பிலிருந்து பொடி டப்பியை எடுப்பார். மூடியில் இரண்டு தட்டு. ஒரு சிமிட்டா எடுத்து, மேல்துண்டால் மூக்கைத் துடைத்து, கண்ணாடியைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டிக்கொள்வார். அத்தனை நேரமும் சாமிநாதையர் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

“அப்புறம் என்னாச்சுங்க ஐயா?” என்று இஸ்திரிக்காரர் கேட்ட பிறகுதான் புத்தகம் திறக்கும். சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? அவற்றைப் படிப்பது இருக்கட்டும், கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று அந்த இளைஞர் ஒப்புக்கொள்ளும் இடத்தில் வராந்தாவில் யாருக்கும் சிரிப்பு வராது. சற்று முன் சிரித்தோமே என்று எனக்கு நெஞ்சு கனத்தது. ஒரு மனிதர் தன்னுடைய அறியாமையைச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பையே படியாக வைத்துத் தன் வாழ்க்கை திரும்பிய இடத்துக்கு நம்மை இறக்கிவிடுகிறார். ஏழு வருஷம் கழித்து, 1887-இல், சிந்தாமணி அவர் பதிப்பாக அச்சில் வந்தது. அதற்கு வித்து அந்த வியாழக்கிழமை.

இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. தன் கதையைத் தானே சொல்லும் கலையில் உ.வே.சா.வை மிஞ்சியவர் தமிழில் இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கலையை அவர் ஏட்டில் கற்கவில்லை. கதை சொல்லிப் பிழைத்த ஒரு வீட்டில், காது வழியாகக் கற்றார். தாத்தா பொடி டப்பியை எடுத்த அந்த இடைவெளியும் அதே வழியில்தான் எங்கள் வராந்தாவுக்கு வந்தது.

உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதம் அறிந்தவர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். உடையார்பாளையம், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளைப் பாடி, இராமாயணக் கதை சொல்லிக் குடும்பம் நடத்தினார். ஓர் ஊரில் கதை தொடங்கினால் பட்டாபிஷேகத்தில் முடிய நாள்கள் பல ஆகும். அத்தனை நாளும் பகலெல்லாம் வயலில் பாடுபட்டவர்கள் வந்து உட்கார வேண்டும். அடுத்த நாளும் வரவேண்டும். வராவிட்டால் வீட்டில் அரிசி இல்லை. எங்கே பாட வேண்டும், எங்கே பேச வேண்டும், எங்கே சிரிக்க வைக்க வேண்டும், இன்றைய கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் நாளைக்குக் கால் தானாக வரும் என்பதெல்லாம் அங்கே வயிற்றுப்பாட்டுக் கேள்விகள். சாமிநாதன் என்ற பையன் அந்தக் கதைகளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தான்.

அதே நூற்றாண்டில் தஞ்சாவூரில் கதை சொல்லும் தொழில் இன்னொரு உருவம் எடுத்தது. 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்ட மண் அது. மராத்திக் கீர்த்தனக்காரர்களின் முறையைக் கேட்டு, அதைக் கர்நாடக சங்கீதத்தோடும் தமிழ்ப் பேச்சோடும் சேர்த்துக் கதாகாலட்சேபத்துக்கு ஒரு சட்டம் போட்டவர் என்று தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரைச் சொல்வார்கள். 1903-இல் மறைந்தார். ஒருவர் நின்றுகொண்டு கதை சொல்வார், கையில் சப்ளாக்கட்டை. பின்பாட்டு ஒருவர், மிருதங்கம், ஜால்ரா. பிற்காலத்தில் ஆர்மோனியமும் சேர்ந்தது. சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்ற மராத்தி மெட்டுகள் வந்தால் கதை ஓடும். உருக்கமான இடம் வந்தால் ஒரு ராகத்தை விஸ்தாரமாக எடுத்துப் பாடி நிறுத்துவார்கள். பாட்டுக்கு மட்டுமில்லை, பேச்சுக்கும் காலப்பிரமாணம் உண்டு என்பதைக் கேட்டவர்கள் எல்லாரும் உடம்பால் அறிந்திருந்தார்கள்.

இந்தத் தொழிலின் பெரிய நுட்பம் உபகதை. நந்தனார் தில்லைக்குப் போக உத்தரவு கேட்டு ஆண்டை முன் நிற்கிறார். பதில் என்னவோ என்று கூட்டம் மூச்சைப் பிடித்திருக்கும்போது, பாகவதர் சப்ளாக்கட்டையைத் தாழ்த்திவிட்டு, ஒரு கஞ்சன் கதைக்கோ மாமியார் மருமகள் சண்டைக்கோ போய்விடுவார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். சிரிப்பு அடங்கும் முன்பே ஒரே வரியில் நந்தனார் நிற்கும் இடத்துக்குத் திரும்புவார். சிரித்து இளகிய நெஞ்சில் அந்த ஒரு வரி நேராகப் போய்த் தைக்கும். நகைச்சுவைக்கும் உபகதைக்கும் பேர்போனவர் மாங்குடி சிதம்பர பாகவதர் (1880–1938). ஆண்களே நின்ற அந்த மேடையில் ஆண் பாகவதர்களின் எதிர்ப்பை மீறி ஏறி நின்றவர் சி.சரஸ்வதி பாய். பிற்காலத்தில் எம்பார் விஜயராகவாச்சாரியாரும் டி.எஸ்.பாலகிருஷ்ண சாஸ்திரிகளும் மயிலாப்பூர்க் காதுகளை வளர்த்தார்கள். கிருபானந்த வாரியார் சுவாமிகள் பேச்சின் நடுவே முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்டு, பதில் சொன்ன குழந்தைக்குப் பரிசு கொடுப்பார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருக்கும் அந்த நாலைந்து நொடியில் பந்தல் முழுக்க விழித்துக்கொள்ளும்.

என் தாத்தாவும் பாட்டியும் இப்படிப் பல வருஷம் தரையில் உட்கார்ந்து கதை கேட்டவர்கள்.

1940 ஜனவரி 6 முதல் ‘என் சரித்திரம்’ விகடனில் வரத் தொடங்கியது. கல்கி அப்போது விகடனின் ஆசிரியர். உ.வே.சா.வுக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதி உதவியவர் மாணவர் கி.வா.ஜகந்நாதன். அந்த எழுத்தில் பேச்சின் மூச்சு இருப்பதற்கு இதுவும் காரணம். மௌனமாகப் படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் வாக்கியம், உரக்கப் படித்தால் எழுந்து உட்காருகிறது.

முதலில் அவர் சொல்வது தன் ஊரின் கதை. தஞ்சாவூர் மராட்டிய அரசர் ஒருவர் பயணத்தில் இருக்கிறார். ஏகாதசி. அன்று தாம்பூலம் தரிக்கக் கூடாது. அரசரோ மறதியாக வெற்றிலை போட்டுக்கொண்டுவிடுகிறார். நினைவு வந்ததும் பதறிப்போய்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பரிகாரம் கேட்கிறார். ஓர் அக்கிரகாரம் அமைத்துத் தானம் செய்யச் சொல்கிறார்கள். 48 வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒன்றாக 24 கிணறுகள். உத்தமமான தானம் என்பதால் உத்தமதானபுரம். தமிழ்த் தாத்தா பிறந்த ஊர், ஓர் அரசர் ஞாபகமறதியாக மென்ற வெற்றிலையிலிருந்து முளைத்தது. இதை அவர் அவசரமே இல்லாமல் சொல்வார். நாக்கில் பட்ட வெற்றிலைச் சாற்றுக்கும் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நாமே நடந்து பார்க்க நேரம் கொடுப்பார். சிரிப்பு அந்த நடையில் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘தளிர் ஆராய்ச்சி’ என்று அவர் தலைப்பிட்ட பகுதி. 1871, மாயூரம். மகாவித்துவான் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தாயிற்று. ஆனால் புதிய பையனுக்குப் பாடம் சொல்லும் வேலையை அவர் மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் விட்டுவிட்டார். பையனுக்கு ஏக்கம். குருவின் வாயால் பாடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று பயம். பிள்ளையவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மரங்கள் வைத்திருந்தார். விடியற்காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்துவருவார். புதுத் தளிர் கண்ணில் பட்டால் முகம் மலர்ந்துவிடும். பையன் இதைக் கவனித்தான். அவருக்கு முன்னால் எழுந்து, கிளை கிளையாகத் தேடி, எந்த மரத்தில் எந்தப் பக்கம் துளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான். குரு வந்ததும், இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று என்று காட்டினான். அவர் மகிழ்ந்த நேரம் பார்த்து மெல்லப் பாடத்தைக் கேட்டான்.

பின்னாளில் தமிழ்நாடெங்கும் ஏடு தேடி அலைந்தவரின் முதல் ஆராய்ச்சி இலை ஆராய்ச்சி. எழுபது வருஷம் கழித்து அதை ஆராய்ச்சி என்றே அழைத்து, கிழவர் நம்மோடு சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் இருட்டில் கிளை கிளையாகத் தடவிப் பார்க்கும் அந்தப் பதினாறு வயதுப் பையனின் பசி, சிரிப்புக்கு அடியில் அப்படியே இருக்கிறது. பாட்டி இந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சிரித்துக்கொண்டேதான் துடைப்பாள்.

எங்கே சிரிப்பைத் தொடவே கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிப் போன அனுபவத்தைச் சொல்கிறார். அங்கே வரகுணபாண்டியருடைய ஏட்டுச் சுவடிகள் இருந்ததாகக் கேள்விப்பட்டு ஆவலோடு போகிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டோம் என்று அங்கே சொல்கிறார்கள். சாஸ்திரப்படி செய்தோம் என்பது அவர்கள் நினைப்பு. இதைச் சொல்லும்போது வாக்கியங்கள் சுருங்கிவிடுகின்றன. உபகதை கிடையாது, உவமை கிடையாது. தாத்தாவும் அங்கே பொடி டப்பியைத் தொடமாட்டார். நேராக வாசித்து, நேராக எழுந்து உள்ளே போய்விடுவார். சிரிப்பு நிறைந்த ஒரு புத்தகத்தில் அந்தச் சிரிப்பில்லாத பக்கம் எங்களைச் சுட்டது. எல்லா இடத்திலும் சிரிக்க வைப்பவருக்கு இந்தச் சூடு கிடைக்காது.

சொல்லச் சொல்ல எழுதிய கி.வா.ஜ. பிறகு எங்கள் பக்கத்துப் பேட்டையான மந்தைவெளியில் வாழ்ந்தார். கலைமகள் ஆசிரியராக நீண்ட காலம் இருந்தவர். சொற்பொழிவுகளில் அவர் சிலேடைக்குத் தனிக்கூட்டம். வழியில் கார் நின்றுபோய் எல்லாரும் இறங்கித் தள்ளியபோது, “நான் தள்ளாதவன்” என்றாராம். மயிலாப்பூரில் இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. ஒரே சொல், இரண்டு பொருள், ஒரு நொடி இடைவெளி. கேட்பவருக்கு இரண்டாவது பொருள் பிடிபடும் அந்த நொடிக்காக அவர் காத்திருப்பார் என்று தாத்தா சொல்வார். ஆசிரியரின் வாழ்க்கையை ‘என் ஆசிரியப்பிரான்’ என்று எழுதியவரும் அவர்தான்.

இத்தனை கேட்ட தாத்தா தன்னைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்வார். வருஷத்துக்கு ஒருமுறை, ‘என் சரித்திரம்’ வாசித்து முடித்த அன்று.

1942 ஏப்ரல். அந்த மாதம் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்தது சென்னைதான் என்று நகரமே காலியாகிக்கொண்டிருந்தது. தாத்தாவும் பாட்டியும் அப்போது மயிலாப்பூரில் குடக்கூலி வீட்டில் இருந்தார்கள். தாத்தா லீவு போட்டுக் குடும்பத்தைக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் கொண்டுவிடக் கிளம்பினார். கூட்டமான ரயிலில் ஒரே ஒரு டிரங்குப் பெட்டிதான் கொண்டுபோக முடியும். பாட்டி அதில் வெண்கலப் பானை, பித்தளை ஃபில்டர், டவரா டம்ளர்களை அடுக்கிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கனம் சரியாக இருந்தது.

“எழும்பூர்ல ஏறினோம்” என்று தாத்தா ஆரம்பிப்பார். “தாம்பரத்துல உங்க பாட்டி சந்தோஷமா வேடிக்கை பார்த்துண்டு வந்தா. செங்கல்பட்டுல குழந்தைக்குப் பால் வாங்கினோம். டம்ளர் எடுக்கப் பெட்டியைத் திறந்தா.” பெட்டிக்குள் வெண்கலப் பானை இல்லை. சணல் கயிற்றில் கட்டிய இரண்டு வருஷத்து விகடன் பக்கங்கள் இருந்தன.

“மதுராந்தகம் வந்தது. பேசலை.” கொஞ்சம் நிறுத்துவார். “திண்டிவனம் வந்தது. பேசலை.” இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துவார். “விழுப்புரம் வந்தது.” இங்கே பொடி டப்பி வெளியே வரும். மூடியில் இரண்டு தட்டு.

உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வரும். “ஃபில்டரையாவது வெச்சேளான்னு கேட்டேன்.”

வராந்தா அதிரும். இஸ்திரிக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். அந்த வரி எப்போதும் பாட்டியுடையது, தாத்தா அதைச் சொன்னதே கிடையாது. தன் கதையில் முத்தான வரியை இன்னொருவருக்கு விட்டுவைத்தார் அவர்.

சிரிப்பு ஓய்ந்த பிறகு குரல் இறங்கும். “அந்த மாசம் முடியறத்துக்குள்ளயே ஊருக்கு பேப்பர் வந்தது. இருபத்தெட்டாம் தேதி ஐயர் போயிட்டார். அவரும் பட்டணத்தை விட்டுப் போனவர்தான். திருக்கழுக்குன்றத்துல. நாம டம்ளர் எடுக்கப் பெட்டியைத் திறந்தோமே, அந்த செங்கல்பட்டுக்குப் பக்கத்துல.” 122 அத்தியாயங்களோடு சரித்திரம் நின்றுவிட்டது. 1950-இல்தான் புத்தகமாக வந்தது. ஐயர் போன செய்தி வந்த அன்று ராத்திரி பாட்டியே பெட்டியைத் திறந்து, சணல் கட்டை எடுத்துவந்து, லாந்தர் பக்கத்தில் வைத்தாளாம். முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாளாம். எங்கள் வீட்டில் வாசிக்கும் வழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

மறதியாக மென்ற ஒரு வெற்றிலை ஓர் ஊரை உண்டாக்கியதுபோல, பெட்டியிலிருந்து எடுத்து வைத்த ஒரு வெண்கலப் பானை எங்கள் வீட்டுக்கு ஒரு வழக்கத்தைக் கொடுத்தது. தாத்தா கதையைக் கட்டிய விதமும் அவர் வருஷக்கணக்காக வாசித்த ஐயரிடம் கற்றதுதான். சின்ன விஷயத்தில் ஆரம்பித்தார், வேகமாக அடுக்கினார், நிறுத்தினார், சிரிக்க வைத்தார், சிரித்து இளகிய இடத்தில் துக்கத்தை வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கதையாவது இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஊர் விட்டு வந்தது, வேலை கிடைத்தது, கிடைக்காமல் போனது, ஒரு கல்யாணம் நின்று நடந்தது. கதையைக் கேட்க நேரமில்லை என்று சொல்கிறோம். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் குறைந்துபோனதால்தான் கேட்கிறவர்களும் எழுந்து போகிறார்கள்.

அந்த வீடு இப்போது இல்லை. அதே மனையில் நிற்கும் அடுக்குமாடியில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். பைண்டு என்னிடம் இருக்கிறது, தாள் பழுத்து ஓரம் உதிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் குழந்தைகள் வந்து உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும், தன்னுடைய கதையாக இருக்க வேண்டும், அதுதான் விதி. போன வாரம் ஒரு பையன் தன் ஷூ பள்ளி வேனில் தொலைந்த கதையைச் சொன்னான். நடுவில் அவனாகவே நிறுத்தி எங்கள் முகங்களைப் பார்த்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

என் முறை வந்தால் ரயில் கதைதான். எழும்பூர், தாம்பரம், செங்கல்பட்டு. எனக்குப் பொடி டப்பி கிடையாது. திண்டிவனம் தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பேன். குழந்தைகளில் ஒன்று முழங்காலில் நகர்ந்து கிட்டே வந்து, “பாட்டி பேசினாளா?” என்று கேட்கும்.

அந்தக் கேள்வி வரும் வரை நான் விழுப்புரத்துக்குப் போவதில்லை.